நுரையீரல் தழும்புக்கு நாட்டு மருந்துக் கடை சரக்கு: எதை வாங்கலாம், எதை வைத்துவிட்டு வரலாம்

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் "ஸ்கேன்ல நெஞ்சுத் தழும்புன்னு வந்திருக்குண்ணே" என்று கேட்டால் கைக்கு வரக்கூடியவை ஆடாதோடை, அதிமதுரம், மஞ்சள், மஞ்சளின் சத்தான குர்குமின் கேப்சூல். கேட்கப் போகுமுன் ரிப்போர்ட்டைப் பாருங்கள். பழைய காசநோய் ஆறிய வடு வேறு, மாதத்துக்கு மாதம் தழும்பு பரவி நுரையீரல் இறுகும் ஃபைப்ரோசிஸ் வேறு. ஆறிய வடுவைக் கரைக்கும் சரக்கு எந்தக் கடையிலும் இல்லை.

ஆடாதோடை சளிக்கு நல்ல சரக்கு. இதிலுள்ள வாசிசின் என்ற சத்திலிருந்து பிறந்ததுதான் இருமல் சிரப்பில் வரும் ப்ரோம்ஹெக்சின். ஆனால் ஃபைப்ரோசிஸ் இருமல் பெரும்பாலும் வறட்டு இருமல். இளக்குவதற்குச் சளியே இருக்காது. கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

அதிமதுரத்தைப் பொடியாக வாங்காதீர்கள், வேராக வாங்குங்கள். ஒடித்தால் உள்ளே மஞ்சளாக, நார் நாராகப் பிரிய வேண்டும். மென்றால் தித்திக்க வேண்டும். குன்றிமணி வேரைக் கலப்பது பழைய தில்லுமுல்லு. தொண்டைக்கு ஒரு துண்டு போதும். தினமும் கஷாயம் வைத்தால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டோ நீர் மாத்திரையோ எடுப்பவருக்கு அது இரட்டிப்பு அடி: கால் பிடித்து இழுக்கும், நெஞ்சுத் துடிப்பு தப்பும்.

விரலி மஞ்சளைத் தண்ணீரில் போட்டதும் சாயம் பிரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்ல மஞ்சளிலும் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 3 கிராம் பொடிக்கு 90 மில்லிகிராம், அதிலும் ரத்தத்தில் சேருவது சொற்பம். கேப்சூல் லேபிளில் "மஞ்சள் பொடி 500 மி.கி." என்றால் குர்குமின் 15 மி.கி.தான், "சாறு, 95% குர்குமினாய்டு" என்றால் 475.

மிளகுச் சத்தான பைப்பரின் சேர்ந்ததென்றால் கூடுதல் கவனம் வேண்டும். 1998-ல் பெங்களூருவில் நடந்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்கு ஆனது. குர்குமினுக்குத் திறக்கும் கதவு ஃபைப்ரோசிஸ் மருந்தான நின்டெடானிபுக்கும் திறக்கக்கூடும்; வயிற்றுப்போக்கும் ரத்தக்கசிவும் கூடலாம். இன்னொரு ஃபைப்ரோசிஸ் மருந்தான பிர்ஃபெனிடோன் எடுப்பவர் முதல் 6 மாதம் மாதந்தோறும் ஈரல் டெஸ்ட் எடுப்பார். குர்குமின் கேப்சூலாலும் ஈரல் கெட்டதுண்டு. இரண்டையும் சேர்த்து விழுங்கி டெஸ்ட் ஏறினால் எதை நிறுத்துவது?

"ஆராய்ச்சியில் நிரூபணம்" என்ற நோட்டீஸில் பெரும்பாலும் எலிதான் இருக்கும். ப்ளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்து உண்டாக்கும் எலியின் தழும்பு சில வாரங்களில் தானாகவே தணியத் தொடங்கும். மூலிகையையும் அன்றைக்கோ முதல் வாரத்திலோ ஆரம்பித்துவிடுகிறார்கள். அது அழற்சியைத் தணிப்பது. இறுகிய தழும்பைக் கரைப்பது அல்ல. மனிதரிடம் கிடைத்தவை சின்னச் சின்ன ஆய்வுகள். 2020-ல் வெளியான ஒன்றில், கிரீன் டீயின் இஜிசிஜி என்ற சத்தைத் தினம் 600 மி.கி. என இரண்டு வாரம் எடுத்தவர்களின் பயாப்ஸி திசுவில் தழும்பு உண்டாக்கும் சமிக்ஞை குறைந்திருந்தது; மூச்சு கூடியதா என்பது அந்த ஆய்வின் கேள்வியே அல்ல. கேப்சூலாக தினம் 800 மி.கி. தொட்டால் ஈரலுக்கு ஆபத்து. வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின் சத்தைப் புற்றுநோய் மருந்தான டசாட்டினிபுடன் 14 பேருக்குக் கொடுத்ததில் நடக்கும் தூரம் கூடியது, நுரையீரல் கொள்ளளவு மாறவில்லை. மேலூர் கல்குவாரிக்காரர்கள் விசாரிக்கும், கல்தூசியால் நுரையீரல் தழும்பாகும் சிலிகோசிஸுக்குச் சீனாவில் டெட்ராண்ட்ரின் என்ற தாவரச் சத்து மாத்திரையாகவே உண்டு. இங்கே பொட்டலத்தில் வருவது அது அல்ல.

லேபிள் இல்லாத சூரணத்தைத் தொடவே வேண்டாம். நாலே நாளில் மூச்சு லேசாகி, பசி கூடி, முகம் ஊதினால் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல், மிச்சப் பொட்டலத்தோடு ராஜாஜி மருத்துவமனை நெஞ்சக நோய்ப் பிரிவில் போய்க் காட்டுங்கள்.