கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்

தீவின் பெரிய நகரமான ஹெராக்லியானில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள், சும்மா சொல்லவில்லை. தீவின் மாலியா என்ற இடத்தில் கிடைத்த தங்கப் பதக்கம் ஒன்று இருக்கிறது, இரண்டு தேனீக்கள் ஒரு தேன் துளியைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதில் கடுகைவிடப் பொடியான தங்க மணிகளை அந்தக் காலத்தில் எப்படித்தான் ஒட்டினார்களோ, கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்தால்தான் தெரிகிறது. என்ன ஒரு கைவேலை!

அப்புறம் க்னோசோஸ், வெண்கலக் காலத்து அரண்மனையின் இடிபாடு. நகரத்திலிருந்து 5 கிலோமீட்டர்தான், பஸ் உண்டு. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் அந்தச் சிவப்புத் தூண்கள் 1900க்குப் பிறகு அங்கே அகழாய்வு செய்த ஆர்தர் எவன்ஸ் கான்கிரீட்டில் எழுப்பியவை, சுவரோவியங்களும் நகல்கள், அசல் எல்லாம் அருங்காட்சியகத்தில். எனக்கு அதே தீவில் இருக்கும் இன்னொரு பழைய அரண்மனையான ஃபைஸ்டோஸ்தான் மனதுக்குப் பிடித்தது: மறுகட்டுமானம் குறைவு, மேலே நின்றால் மெசரா சமவெளி முழுக்கத் தெரியும். வெயில் காலத்தில் இரண்டுக்குமே காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள்.