யேல் கம்பஸ்ட ப்ரீ பைபிள் லெக்சர்: விருதுப் பட்டியலையும் பக்கத்தில வச்சுப் பாத்தா நல்லா இருக்கும்

முதல்ல முக்கியமானதைச் சொல்லிடுறன். ஒரு சதம் காசு இல்லை, பேர் பதியத் தேவையில்லை, ஈமெயில் கேக்காது. ஓப்பன் யேல் கோர்ஸஸ் எண்டு அமெரிக்காவில இருக்கிற யேல் பல்கலைக்கழகம் 2007 டிசம்பர்ல தொடங்கின சேவை, அவையிட கிளாஸ் ரூமில நடந்த லெக்சர்களை அப்பிடியே ரெக்கோர்ட் பண்ணிப் போட்டிருக்கினம். அதில நான் பாத்து முடிச்சது எபிரேய பைபிளுக்கான அறிமுகம், அதாவது எங்கட சேர்ச் ஆக்கள் பழைய ஏற்பாடு எண்டு சொல்லுறது. படிப்பிக்கிறவ கிறிஸ்டீன் ஹேய்ஸ், மொத்தம் 24 லெக்சர், ஒவ்வொண்டும் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல போகும், 2006ல எடுத்தது.

ஏன் திருகோணமலையில இருந்துகொண்டு இதைப் பாக்கோணும் எண்டு கேப்பீங்கள். இஞ்ச கோயில், சேர்ச், பள்ளி, பன்சல எல்லாம் ஒரு நடை தூரத்தில கிடக்கு, ஒருத்தர்ட சமயத்தைப் பற்றி மற்றவருக்கு மேலோட்டமா எண்டாலும் ஏதாவது தெரியும், ஆனா யூத சமயம் எண்டா மட்டும் ஒண்டும் தெரியாது, யூதர் எண்ட சொல்லே ரிவி நியூஸில சண்டையோட மட்டும்தான் வருது. எங்கட ஒழுங்கையில ஏ.எல் பிள்ளையளுக்கு கிறிஸ்தவ நாகரிகம் ரியூசன் குடுக்கிற அக்கா ஒருவ இருக்கிறா, அவதான் ஒருநாள் "தம்பி, இந்த மோசேட சட்டமெல்லாம் பிள்ளையள் பாடமாக்குதுகள், ஏன் எதுக்கெண்டு கேட்டா எனக்கே வடிவா சொல்ல வருகுதில்லை, இன்டர்நெட்டில நல்லதா ஏதும் கிடந்தா எடுத்துத் தா" எண்டா. அப்பிடித்தான் தேடினது.

தேடினா கனக்க வருது. யாரை நம்புறது எண்டதுதான் பிரச்சினை, ஏனெண்டா இந்த விசயத்தில கமரா வச்சிருக்கிற எல்லாரும் பேராசிரியர்தான். அதால நான் முதல்ல பாத்தது ஆக்களிட விருதுப் பட்டியலை. இஞ்ச ஒண்டு சொல்லோணும், எங்கட ஊர்ல கௌரவிப்பு எண்டா ஒரு ஹோல், ஒரு மாலை, ஒரு பொன்னாடை, அரை மணித்தியாலம் வாழ்த்துரை, அவ்வளவுதான். அவர் என்ன எழுதினவர், அதை ஆர் வாசிச்சு நல்லதெண்டு சொன்னது எண்டு மேடையில ஒருத்தரும் கதைக்க மாட்டினம். யூதவியல் துறையில விருது பெரும்பாலும் ஒரு புத்தகத்துக்குக் குடுக்கிறது, அந்தப் புத்தகத்தை அதே துறையில இருக்கிற வேற ஆக்கள் வரிவரியா வாசிச்சுப்போட்டுத்தான் குடுப்பினம், அதால பட்டியலைப் பாத்தாலே ஆள் எதில கெட்டி எண்டு பிடிச்சிடலாம்.

ஹேய்ஸிட பட்டியல் இப்பிடிப் போகுது. பேர்க்லியில 1993ல பீஎச்டி, பிறகு பிரின்ஸ்டனில கொஞ்சக் காலம், 1996ல இருந்து யேல். முதல் புத்தகம் பாபிலோனியத் தல்மூதையும் பாலஸ்தீனத் தல்மூதையும் (தல்மூது எண்டா யூத சமய அறிஞர்கள் சட்டத்தைப் பற்றி விவாதிச்சதுகளிட பழைய தொகுப்பு) ஒப்பிட்டு 1997ல வந்தது, அதுக்கு சாலோ பேரன் பரிசு, அது இந்தத் துறையில முதல் புத்தகம் எழுதுற ஆக்களுக்குக் குடுக்கிறது. இந்த சாலோ பேரன் ஆர் எண்டா, 1930ல கொலம்பியா பல்கலைக்கழகத்தில யூத வரலாற்றுக்கெண்டு போட்ட பேராசிரியர் பதவிக்கு வந்த மனுசன், யூதரைக் கொண்டொழிச்ச நாசி அதிகாரி ஐக்மனுக்கு எதிரா 1961ல நடந்த வழக்கில சாட்சி சொன்னவரும் அவர்தான். ஹேய்ஸிட இரண்டாவது புத்தகம் 2002ல, தீட்டைப் பற்றி. 2015ல வந்தது தெய்வச் சட்டம் எண்டா என்னெண்டு ஆராயுற புத்தகம், அதுக்கு அமெரிக்காவில தேசிய யூதப் புத்தக விருதும் கிடைச்சது, யூதவியல் சங்கத்திட ஜோர்டன் ஷ்னிட்சர் விருதும் கிடைச்சது. அந்தச் சங்கம் 1969ல தொடங்கினது, வருசா வருசம் டிசம்பர்ல மாநாடு வைப்பினம், அதுக்கு 2017 தொடக்கம் 2019 வரைக்கும் இவதான் தலைவர். யேல்ல ஸ்டேர்லிங் பேராசிரியர் எண்ட பதவியும் குடுத்தவை, அங்க ஒரு பேராசிரியருக்கு அதுக்கு மேல பதவி இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுறன் எண்டா, இந்தப் பட்டியலைக் கடையில மெனு பாக்கிற மாதிரிப் பாக்கலாம். தீட்டைப் பற்றிப் புத்தகம் எழுதினவ தீட்டைப் பற்றிப் படிப்பிக்கிற கிளாஸ் எப்பிடி இருக்கும்? சட்டத்துக்கு விருது வாங்கினவ சட்டத்தைப் படிப்பிச்சா? அதுதான் 9ம் லெக்சரும் 10ம் லெக்சரும். நேரமில்லாத ஆக்கள் நேரா அங்க போங்கோ.

9ம் லெக்சர் லேவியர் புத்தகம். சேர்ச்சுக்குப் போற ஆக்களே அந்த இடம் வந்தா பக்கத்தைத் தட்டிவிட்டுப் போயிடுவினம், பலி, ரத்தம், தோல் வருத்தம், பிள்ளை பெத்த பொம்பிளை எத்தனை நாள் ஒதுங்கி இருக்கோணும் எண்டு போய்க்கொண்டே இருக்கும். ஆம்பிளைப் பிள்ளை எண்டா 7 நாள், பிறகு 33 நாள், பொம்பிளைப் பிள்ளை எண்டா 14, பிறகு 66. செத்த வீட்டுத் தீட்டு 7 நாள், அது எண்ணாகமத்தில வரும். எங்களுக்கு இது புதுசே இல்லை, செத்த வீடெண்டா 31 வரைக்கும் துடக்கு எண்டு கோயில் பக்கம் போகாத ஆக்கள்தானே நாங்கள். ஆனா அதுக்குப் பின்னால என்ன கணக்கு இருக்கெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல, கேட்டாலும் "அது அப்பிடித்தான்" எண்டு வாயை அடைச்சுப்போடுவினம். இவ என்ன சொல்லுறா எண்டா, தீட்டு எண்டது பாவம் இல்லை, பிள்ளை பெறுறதோ பிணத்தைத் தூக்கிப் புதைக்கிறதோ குற்றமில்லை, சிலவேளை அது கடமை. தீட்டு வாற இடமெல்லாம் சாவோடயும் பாலுறவோடயும் ஒட்டின இடம், கடவுளுக்கு அது ரெண்டும் இல்லை, அதால அவர் இருக்கிற இடத்துக்குக் கிட்டப் போகேக்க மனுசன் அதைக் கழிச்சுப்போட்டுப் போகோணும். ஒழுக்கக் கேட்டால வாற தீட்டு வேற, அது தண்ணியில போகாது, அது கோயிலையும் நாட்டையுமே அழுக்காக்கும். இந்த விளக்கம் இவவே கண்டுபிடிச்சதில்லை, ஜேக்கப் மில்க்ரோம் எண்டு பேர்க்லியில படிப்பிச்ச ஒருத்தர்ட உழைப்பு அதுக்குப் பின்னால நிக்குது, அந்த மனுசன் லேவியர் ஒண்டுக்கு மட்டும் மூண்டு பெரிய வால்யூமில உரை எழுதினவர். அக்காவுக்கு இதைப் போட்டுக் காட்டினா, கொப்பியைத் திறந்துவச்சு மளமளவெண்டு எழுதத் தொடங்கிட்டா, நடுவில ஒருக்கா தலையை நிமித்தி "அப்ப எங்கட அம்மம்மா ஆக்கள் சொன்னதுக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும் என்ன" எண்டா. இருந்திருக்கும், ஆராவது தேடி எழுதினாத்தானே தெரியும்.

10ம் லெக்சர்ல பழைய பாபிலோனிய அரசன் ஹமுராபிட சட்டத்தையும் மோசே சட்டத்தையும் பக்கத்தில பக்கத்தில வைக்கிறா. ஹமுராபியில கண்ணுக்குக் கண் எண்டது சம அந்தஸ்து உள்ள ஆக்களுக்குள்ள மட்டும், கீழ இருக்கிறவன்ட கண் போனா காசோட முடிஞ்சிடும். மேசன் கட்டின வீடு இடிஞ்சு வீட்டுக்காரன்ட மகன் செத்தா மேசன்ட மகனைக் கொல்லோணும் எண்டும் அந்தச் சட்டத்தில கிடக்கு. உபாகமத்தில அதுக்கு நேர் எதிரா, பிள்ளைக்காகத் தகப்பனையோ தகப்பனுக்காகப் பிள்ளையையோ கொல்லப்படாது எண்டு இருக்கு. அதுக்காக மோசே சட்டம் எல்லாம் சொக்கத் தங்கம் எண்டு இவ விக்கேல்ல, அடிமை வச்சிருக்கிறது ரெண்டிலயும் இருக்கெண்டு தெளிவாத்தான் போறா. எனக்குப் பிடிச்சது அதுதான், பிரசங்கமும் இல்லை, நக்கலும் இல்லை.

முதலாவது லெக்சரைப் பற்றியும் ஒரு சொல்லு. பைபிள் ஒரு புத்தகம் இல்லை, பல காலத்து ஆக்கள் எழுதின ஒரு லைப்ரரி எண்டு தொடங்குறா, சின்னப் பிள்ளையளுக்கு வாசிக்கக் குடுக்கிற சாமானே இல்லை, தன்ட பிள்ளையளுக்கே குடுக்க மாட்டன் எண்டும் சொல்லுறா. 2ம் லெக்சர் முழுக்க யெஹெஸ்கேல் கவுஃப்மன் எண்ட பைபிள் ஆராய்ச்சியாளரிட கொள்கை, 1958ல இஸ்ரேல் பரிசு (அந்த நாட்டு அரசாங்கம் குடுக்கிற பெரிய விருது) எடுத்தவர், எனக்கு அது கொஞ்சம் இழுவையாத்தான் இருந்தது, அவர் சொல்லுற மாதிரி பல கடவுள் கும்பிடுற சமயமெல்லாம் ஒரே அச்சில வார்த்தது எண்டு கோணேசர்ட ஊர்ல இருந்து கேட்டா தலை ஆடாது. இவவும் அதை வேதவாக்கா எடுக்கேல்ல எண்டது வேற விசயம்.

4ம் லெக்சர் வேற லெவல். நோவாட வெள்ளக் கதை எல்லாருக்கும் தெரியும். அதில ஒரு இடத்தில எல்லா மிருகத்திலயும் ஒவ்வொரு சோடி ஏத்தச் சொல்லிக் கிடக்கு, கொஞ்சம் கீழ வந்தா சுத்தமான மிருகத்தில ஏழு சோடி எண்டு கிடக்கு. மழை 40 நாள் எண்டு ஒரு இடம், தண்ணி 150 நாள் நிண்டது எண்டு இன்னொரு இடம். கடவுள்ட பேரும் மாறி மாறி வருது. இதை ரெண்டு நிறத்தில பிரிச்சா ரெண்டு முழுக் கதை தனித்தனியா எழும்பி நிக்கும், ஆரோ ஒருத்தர் ரெண்டையும் சேத்துப் பின்னியிருக்கிறார், பின்னேக்க ஒண்டையும் எறியேல்ல. அதுக்கும் முந்தி மெசொப்பொத்தேமியாவில கில்கமெஷ் கதையில இதே வெள்ளம், இதே படகு, குருவி பறக்கவிட்டுப் பாக்கிறதும் இதே மாதிரி.

இதைப் பாத்தபிறகு எங்கட ஊர் பிரெட்ரிக் கோட்டை வாசல்ல இருக்கிற கல்லைப் பாத்தா வேற மாதிரித் தெரியும். "முன்னே குளக்கோட்டன்" எண்டு தொடங்கிற அந்தப் பாட்டு எங்கட ஊர்ல பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் பாடம், ஆனா கல்லில கிடக்கிறது உடைஞ்ச துண்டு மட்டும், மிச்சம் வாய்வழியாவும் ஏட்டிலயும் வந்தது. எது கல், எது பிறகு சேந்தது எண்டு பிரிச்சுச் சொல்லுறது சமயத்துக்கு எதிரான வேலை இல்லை, வாசிப்பு எண்டாலே அதுதான். கோணேசர் கல்வெட்டு எண்ட பழைய கோயில் நூலை இப்பிடி ஒரு 24 கிளாஸ் எடுத்து ஆராவது கமராவில பிடிச்சுப் போட்டா நான் காசு குடுத்தும் பாப்பன்.

ஒரு சின்னக் கதை. இந்த யேல் எண்ட பேர் எலிஹு யேல் எண்ட ஆளிட பேர், அவர் 1687 தொடக்கம் 1692 வரை மெட்ராஸ் ஜோர்ஜ் கோட்டையில கவர்னர். அங்க உழைச்ச பணத்தோடதான் சீமைக்குப் போனவர், கடைசியில ஒன்பது பொதி சாமானும் 417 புத்தகமும் அந்தக் கொலேஜுக்கு அனுப்ப, 1718ல அவற்ற பேரை வச்சிட்டினம். அதால ப்ரீயா பாக்கிறமே எண்டு தமிழாக்கள் ஒருத்தரும் கூச்சப்படத் தேவையில்லை, முற்பணம் எப்பவோ கட்டியாச்சு.

குறை இல்லாமல் இல்லை. தமிழ் சப்டைட்டில் இல்லை, இவ கதைக்கிற ஸ்பீடும் கூட, ஆங்கிலம் மட்டுமட்டான ஆக்களுக்கு முதல் ரெண்டு கிளாஸ் தலை சுத்தும். அதுக்கு வழி, ஒவ்வொரு லெக்சருக்கும் முழுப் பேச்சும் எழுத்தில போட்டிருக்கினம், அதை முதல் வாசிச்சிட்டுக் கேளுங்கோ. தானா மொழிபெயர்க்கிற தமிழை நம்பி இறங்க வேண்டாம். சேர்ட்டிபிக்கேட் இல்லை, சோதனை திருத்தித் தர ஆளில்லை. படம் பழசு, ஆனா ஆள் நிண்டு கதைக்கிறதைத்தானே பாக்கிறம். பிற்பகுதியில தீர்க்கதரிசிகள் வாற லெக்சர்களில வேகமா ஓடுறா, ஒரே கிளாஸில ரெண்டு மூண்டு பேர் வந்து போயிடுவினம். இன்னொண்டு, விருது வாங்கிக் குடுத்த தல்மூது ஆராய்ச்சி இதில கிட்டத்தட்ட இல்லை, பாடம் பைபிளோட நிண்டுடும்.

தல்மூது வேணுமெண்டா செஃபாரியா எண்ட இன்னொரு ப்ரீ இடம் இருக்கு. எபிரேயமும் ஆங்கிலமும் பக்கத்தில பக்கத்தில வரும், கிளாஸுக்குத் தேவையான பைபிளும் அதிலயே கிடக்கு, காசு குடுத்துப் புத்தகம் வாங்கத் தேவையில்லை. அதில இருக்கிற தல்மூது ஸ்டைன்சால்ட்ஸ் எண்ட ரபி (யூத சமய குரு) 1965ல தொடங்கி 2010 வரைக்கும் இருந்து செய்த வேலையை வச்சு வந்தது, அவருக்கு வேலை நடந்துகொண்டிருக்கேக்கயே 1988ல இஸ்ரேல் பரிசு குடுத்திட்டினம், 2017ல அது எல்லாருக்கும் ப்ரீயா திறந்து விட்டது. இஸ்ரேல் பரிசு எண்டதும் எனக்கு ஞாபகம் வாறது டேவிட் ஷுல்மன், அவர் யூதவியல் ஆள் இல்லை, எங்கட ஆள், ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில இருந்து தமிழ்க் கோயில் புராணங்களை ஆராய்ஞ்ச மனுசன், 2016ல அவருக்கும் அந்தப் பரிசு கிடைச்சது, காசை பாலஸ்தீனருக்காக வேலை செய்யுற தாயுஷ் அமைப்புக்குக் குடுக்கிறன் எண்டு சொன்னவர். பொன்னாடையை வாங்கி மடிச்சு அலுமாரிக்குள்ள வைக்கிற ஆக்கள் இதைக் கொஞ்சம் பாக்கலாம்.

டேட்டா பற்றிக் கேக்கிற ஆக்களுக்கு: வீடியோ வேண்டாம், ஆடியோ மட்டும் டவுன்லோட் பண்ணலாம், உப்புவெளியில இருந்து டவுனுக்கு பஸ்ஸில வந்து போறதுக்குள்ள பாதி கேட்டிடலாம். ரியூசன் ஆக்களுக்கு ஒரு விசயம், இதிட லைசன்ஸ்படி ஆரிட பாடம் எண்டு பேரைப் போட்டு, காசு வாங்காமல், அதே நிபந்தனையோட மொழிபெயர்த்துப் பகிரலாம், வித்துக் காசாக்கத்தான் ஏலாது.

அஞ்சுக்கு நாலரை. அரைப் புள்ளி வெட்டினது 2ம் லெக்சருக்கும் தீர்க்கதரிசிகளிட அவசரத்துக்கும். அக்கா இப்ப 9ம் லெக்சரைத் தமிழில குறிப்பா எழுதிக்கொண்டிருக்கிறா, முடிய ஆருக்காவது வேணுமெண்டா கேளுங்கோ, போட்டோ எடுத்து அனுப்பலாம், அவட கையெழுத்தை விளங்கிக்கொள்ளுறது உங்கட பாடு.