2013 லெப்டொப்பும் மூன்று வருட லினக்ஸ் மின்ட்டும்

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என்னிடம் இருப்பது 2013இல் வாங்கிய லெப்டொப்: மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 புரொசசர், 4 ஜிபி ரேம். 2022 கடைசியில் அதைத் திறந்து ஒரு வினாத்தாளை எடுக்கவே பத்து நிமிடம் போனது. டொலர் ஏறிய வருடம் அது, புதிது வாங்க வழியில்லை. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் கேட்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10 அப்டேட்டுக்கோ 2025 அக்டோபர் 14தான் கடைசி நாள் என்று அப்போதே தெரியும்.

முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். வேகத்தில் பாதிக்கு மேல் அதனால் வந்ததுதான். ஓஎஸ் (விண்டோஸ் போல கணினியை இயக்கும் மென்பொருள்) மாற்ற நினைக்கும் யாரிடமும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் ஓஎஸ்களில் இலேசான லுபுன்டு, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ இரண்டையும் பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்த்தேன். லுபுன்டு இன்னும் இலேசு. ஆனால் மின்ட்டின் மெனு பழைய விண்டோஸ் போலவே இருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் கை பழகிவிட்டது. மின்ட் 21ஐப் போட்டேன். வைஃபை முதலில் பிடிக்கவில்லை. போனை யூஎஸ்பி வயரில் சொருகி அதன் இன்டர்நெட்டைப் பகிர்ந்ததும் (டெதரிங்), டிரைவர் மேனேஜரே தேவையானதை இறக்கிக்கொண்டது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது தமிழ்தான். எங்கள் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் இன்னும் பாமினி என்ற பழைய, யுனிகோட் அல்லாத ஃபொன்ட்டில்தான் சுற்றுகின்றன. பாமினி ஃபொன்ட் கோப்பை லினக்ஸில் போட்டால் லிப்ரே ஆபிஸில் அப்படியே திறக்கிறது, தட்டச்சும் செய்யலாம். ஆனால் வசனத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோ கரெக்டை நிறுத்திவிட வேண்டும். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகள்: சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. அதனால் வசனத் தொடக்கத்தில் 'அம்மா' என்று தட்டினால் 'ஆம்மா' ஆகிவிடும்! இது புரிய எனக்கு இரண்டு நாள் பிடித்தது. யுனிகோடுக்கு, ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளில் தமிழ்99, ரெங்கநாதன் என்ற இரண்டு விசைப்பலகை முறைகளும் இருக்கின்றன. நான் ரெங்கநாதன் பழகியவன், எதையும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

வேர்ட் கோப்புகளில் அட்டவணைகள் சில நேரம் இடம் மாறும். அச்சுக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கியே கொடுக்கிறேன்.

இப்போது அரை நிமிடத்தில் திறக்கிறது. பிரௌசரில் ஐந்தாறு டேப் வரை தாங்கும். சூம் வகுப்பு நடக்கும்போது மற்றதெல்லாவற்றையும் மூடிவிட வேண்டும், அதற்கு 4 ஜிபி போதாது. பேட்டரி செத்து வெகுநாளாகிறது. மழைக்காலத்தில் கரன்ட் போனால் லெப்டொப்பும் உடனே நின்றுவிடும். அப்படி எத்தனையோ தடவை நின்றும், மறுபடி திறக்காமல் போனதில்லை. ஆனாலும் லிப்ரே ஆபிஸில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகச் சேமிக்க வைத்திருக்கிறேன். அப்டேட்டை எப்போது போடுவது என்பது நம் கையில்தான் இருக்கிறது, டேட்டா கார்ட் போட்டுப் பாவிக்கும் எனக்கு அது பெரிய நிம்மதி. இரவில் சிக்னல் நன்றாக இருக்கும்போது போட்டுக்கொள்கிறேன்.

"நம்ம லெப்டொப்புலயும் இதப் போடலாமா சேர்?" என்று கூடப் படிப்பிக்கிறவர்கள் கேட்கிறார்கள். பென்டிரைவைக் கொடுத்து, அவர்களுடைய வினாத்தாள் ஒன்றையே அதில் திறந்து, திருத்தி, பிடிஎஃப் ஆக்கிப் பார்க்கச் சொல்கிறேன். அது சரியாக வந்தால் அப்புறம் போடலாம். என் மின்ட் 21க்கு 2027 வரை அப்டேட் உண்டு. அதற்குள் ஒரு பாடசாலை விடுமுறையில் 22க்கு மாற்ற வேண்டும்.