ஓராண்டு இடைவெளி: கல்லூரிக்கு முன்பா, நடுவிலா?

படிப்பை நிறுத்திவைத்து எடுக்கும் இடைவெளி ஆண்டில் என்ன செய்வது என்று யோசிக்கும் அளவுக்கு, அதை எப்போது எடுப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. சீட்டும் பணமும் அடிபடுவதோ இந்த இரண்டாவது கேள்வியில்தான். சீட் கிடைத்தபின் சேர்வதைத் தள்ளிப்போடலாம். விண்ணப்பிப்பதையே ஓராண்டு ஒத்திவைக்கலாம். சேர்ந்து படித்து, நடுவில் விடுப்பு எடுக்கலாம்.

பெரும்பாலானவர்களுக்கு முதல் வழிதான் சரி. சீட் கையில் இருக்கும். அந்த வருடம் விண்ணப்பக் கவலையில் கரையாது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் சீட் கிடைத்தவர்களை ஓராண்டு கழித்து வரச்சொல்லித் தானே ஊக்குவிக்கிறது. முன்னாள் அமெரிக்க அதிபர் ஒபாமாவின் மகள் மாலியா ஒபாமா 2016இல் பள்ளி முடித்து 2017இல் அங்கே சேர்ந்தார். பிரிட்டனில் கல்லூரிச் சேர்க்கைக்கான பொது அமைப்பான யூகாஸின் விண்ணப்பத்திலேயே அடுத்த ஆண்டு சேர்வதாகக் குறிப்பிடலாம். எல்லாக் கல்லூரிகளும் இப்படி இடம் கொடுக்காது; கொடுக்கும் கல்லூரியிலும் சில துறைகள் மறுக்கும். அதனால் முன்பணம் கட்டும் முன்பே விதியைக் கேட்டுவிட்டு, ஒரு பக்கத் திட்டத்தோடு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதில் கடிதத்தில் சேரும் தேதி, துறை, ஸ்காலர்ஷிப் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். சீட் காத்திருக்கும், ஸ்காலர்ஷிப் காத்திருக்காது என்பது பலருக்கும் தாமதமாகத்தான் தெரியவருகிறது. இன்னொரு சிக்கல்: இடைவெளியில் வேறு கல்லூரியில் கிரெடிட் வகுப்புகள் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் வகுப்புகள்) எடுத்தால், சில இடங்களில் புதிய மாணவர் என்ற தகுதியே போய்விடும்.

விண்ணப்பத்தையே ஒத்திவைப்பது இருவருக்குப் பொருந்தும்: மதிப்பெண்ணை உயர்த்த வேண்டியவர், எந்தத் துறை என்றே தெளிவில்லாதவர். மற்றவர்களுக்கு இது வீண் சுமை. பள்ளியை விட்டு வெளியேறும் முன்பே பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் அவர் வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம், உங்களை மறந்தும் இருக்கலாம். பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரியை விண்ணப்பத்தில் போடாதீர்கள். அது முடக்கப்பட்டால் கல்லூரியின் பதில் வந்து சேராது. டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண் 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். சீக்கிரமே எழுதியவர்கள் தேதியைக் கணக்குப் பார்க்க வேண்டும். கணிதம் சார்ந்த படிப்பென்றால், எந்த வழியில் இடைவெளி எடுத்தாலும் வகுப்பு தொடங்க 6 வாரம் முன்பே பழைய பாடங்களைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

நடுவில் எடுக்கும் விடுப்பு பார்க்கச் சுலபம், கணக்கில் கடினம். எதைத் தேடிப் போகிறோம் என்று தெரிந்து போகலாம் என்பதே இதன் பலம். துறை பிடிக்கிறதா என்பது முதலாண்டு படித்தபின்தானே தெரிகிறது. ஆனால் பல பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். ஒரு செமஸ்டர் மட்டும் விட்டவர், தொடர் பாடத்தின் முதல் பகுதிக்காக முழு ஆண்டும் காத்திருக்க நேரும். எடுப்பதென்றால் முழு ஆண்டாக, ஆண்டு முடிவில் எடுங்கள். கடன் வாங்கிப் படிப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்க அரசுக் கல்விக்கடனில், அங்கீகரிக்கப்பட்ட விடுப்பு 12 மாதத்தில் 180 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் படிப்பைவிட்டு விலகியவராகக் கருதப்பட்டு, தவணை தொடங்கும் முன் கிடைக்கும் 6 மாதச் சலுகைக் காலம், படிப்பை நிறுத்திய நாளிலிருந்தே ஓடியதாகக் கணக்காகும். அது தீர்ந்தபின் திரும்பி வந்து சேர்ந்தால் தவணை மறுபடி நிற்கும். ஆனால் பட்டம் வாங்கியதும் அதே கடனுக்கு இன்னொரு சலுகைக் காலம் கிடைக்காது. மாணவர் விசாவில் இருப்பவர், விடுப்புப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைப் பார்த்துவிட வேண்டும்.