வீட்டுத் தொட்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் சொட்டுநீர்: முழுப் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸாப் குழுவில் போன வாரம் அந்த விளம்பரம் மறுபடியும் வந்தது. "ஊருக்குப் போறீங்களா? உங்க செடிக்கு நாங்க தண்ணி ஊத்துறோம்." கூடவே நான்கு படங்கள். மூன்றாவது படம் என் வீட்டு ஹால். டிவி ஸ்டாண்டு, அதன் பக்கத்தில் ஸ்நேக் பிளான்ட், ஸ்டூல் மேல் நீல வாளி. என் வீட்டில் ஆட்டோமேட்டிக் சொட்டுநீர் பொருத்திய அன்று அந்த விளம்பரக்காரர்கள் எடுத்துக்கொண்ட படம் அது. அதில் தெரிகிற ஒன்பது தொட்டிகளில் நான்கு இன்று காலி. அந்தப் படத்தைக் காட்டி இன்னொரு வீட்டில் பணம் வாங்கப் போகிறார்கள் என்றதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நாங்கள் பள்ளிக்கரணைப் பக்கம் நாலாவது மாடியில் இருக்கிறோம். அதுதான் கடைசி மாடி. இந்த மாடிக் கணக்கைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும். ஹாலில் 9 தொட்டி, பால்கனியிலும் அதன் கதவை ஒட்டி உள்பக்கத்திலும் 14 தொட்டி. கதவை ஒட்டிய மூலையில் இருந்தது வெற்றிலைக் கொடி. என் மாமியார் கும்பகோணத்திலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து நட்டது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை சாமிக்கு வைக்கிற வெற்றிலை அதில் பறித்ததுதான்.

மே மாதம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். திருநெல்வேலியில் 11 நாள் தங்க வேண்டியிருந்தது. சென்னை மே மாத வெயிலில் செடிகளை அப்படியே விட்டுப் போக மனசு வரவில்லை. அந்த நேரத்தில்தான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

வந்தவர் பத்து நிமிஷம் இருந்தார். தொட்டிகளை எண்ணினார், படம் எடுத்தார். குழாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மேடம், 14,000 ஆகிற வேலை. அரசாங்க மானியம் கழிச்சு உங்களுக்கு 9,800" என்றார். 6,000 முன்பணம், மீதி வேலை முடிந்ததும். பணத்தை யு.பி.ஐ.யில் போடச் சொன்னார். கடைப் பெயருக்குப் பதிலாக ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "என் தம்பி பேர்தான் மேடம்" என்றார். ஜி.எஸ்.டி. பில் பிறகு வரும் என்றார். வரவே இல்லை.

அந்த மானியப் பேச்சு முழுப் பொய். சொட்டுநீருக்கு மானியம் உண்டு, தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழுச் செலவுக்கே கொடுக்கிறார்கள். ஆனால் அது விவசாய நிலத்துக்கு. சிட்டா, அடங்கல் என்று நில ஆவணம் எல்லாம் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். ஃபிளாட் ஹாலில் இருக்கிற மணிபிளான்ட்டுக்கு அதில் இடமில்லை. யாராவது உங்கள் வீட்டுத் தொட்டிக்கு மானியம் கழித்துத் தருகிறேன் என்றால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் கிளம்புகிற அன்று மதியம்தான் இரண்டு பையன்கள் வந்தார்கள். பால்கனிக்குக் குழாயில் ஒரு டைமர், அதிலிருந்து 16 மி.மீ. கறுப்புக் குழாய், அதில் தொட்டிக்கு ஒன்றாக டிரிப்பர், அதாவது தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிற சின்ன மூக்கு. ஹாலுக்குக் குழாய் கிடையாது, அதனால் 20 லிட்டர் வாளிக்குள் ஒரு சின்ன மோட்டார், அதிலிருந்து 4 மி.மீ. டியூப் ஒவ்வொரு தொட்டிக்கும். மோட்டாருக்கு போன் சார்ஜரில் கரண்ட். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் ஓடும் என்றார்கள்.

ஓட்டிக் காட்டச் சொன்னேன். பால்கனிக் குழாயின் கடைசி மூடியைக் கழற்றிவிட்டு டைமரைத் திறந்தார்கள். தண்ணீர் நன்றாகவே கொட்டியது. "பாருங்க மேடம், ஃபோர்ஸ் சூப்பர்." நானும் திருப்தியாகிவிட்டேன். வாய் திறந்த குழாயில் எந்த வீட்டிலும் தண்ணீர் கொட்டத்தான் செய்யும் என்று அப்போது தோன்றவில்லை. மூடி போட்டபின் டிரிப்பரில் சொட்டுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. அதை அவர்கள் காட்டவில்லை.

ஹாலில் வாளி முதலில் தரையில் இருந்தது, அடியில் நாலைந்து லிட்டர் தண்ணீர். மோட்டார் ஓடியது. ஜன்னல் பக்கம் இருந்த இரண்டு தொட்டிக்குத் தண்ணீர் எட்டவில்லை. ஒரு பையன் வாளியைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தான். "இப்ப மோட்டாருக்கு லோடு குறையும், எல்லாத்துக்கும் போகும். நீங்க கிளம்பறப்போ வாளி நிறைய ஊத்தி வெச்சிருங்க." வைத்தபின் ஓட்டிப் பார்க்கவில்லை. படம் எடுத்தார்கள், மீதி 3,800 வாங்கிக்கொண்டு போனார்கள். நான் வாளியை விளிம்புவரை நிரப்பிவிட்டு இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு, ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கும்போது, கீழ் வீட்டிலிருந்து போன். "அக்கா, எங்க ஹால் சீலிங்ல ஈரம் இறங்குது." எதிர் வீட்டு மாமியிடம் சாவி கொடுத்திருந்தேன். அவர்தான் திறந்து பார்த்தார். வாளி காலி. தண்ணீர் முழுதும் தரையில், டிவி ஸ்டாண்டுக்கு அடியில். எழுபது வயசில் அவர் பழைய வேட்டி இரண்டைப் போட்டுத் துடைத்து, கரண்ட் பயத்தில் மோட்டாரைப் பிடுங்கி வைத்தார். அவர் மட்டும் இல்லையென்றால் கீழ் வீட்டுக்கு நான் இன்னும் எவ்வளவு கொடுத்திருப்பேனோ.

என்ன நடந்தது என்று பிறகு புரிந்தது. பைக்கிலிருந்து டியூப் போட்டு பெட்ரோல் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தடவை இழுத்துவிட்டால் போதும், டியூபின் வெளிவாய் தாழ்வாக இருக்கும்வரை பெட்ரோல் தானாக வந்துகொண்டே இருக்கும். இங்கே அந்த முதல் இழுப்பை மோட்டார் செய்தது. ஸ்டூல் மேல் வாளி, தரையில் தொட்டி. ஒரு நிமிஷத்தில் மோட்டார் நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. வாளி தரையில் இருந்து, தண்ணீர் மட்டம் டியூப் வாய்களைவிடக் கீழே இருந்திருந்தால் இது நடந்திருக்காது. வாளிக்குள்ளேயே தண்ணீருக்கு மேலே ஒவ்வொரு டியூபிலும் ஊசியால் ஒரு சின்ன ஓட்டை போட்டிருந்தால்கூட, மோட்டார் நின்றதும் காற்று புகுந்து நின்றிருக்கும். இந்த வேலையைத் தொழிலாகச் செய்கிறவர் இது தெரியாமல் இருக்கவே கூடாது.

உடனே அவரைக் கூப்பிட்டேன். "நான் வெளியூர்ல இருக்கேன் மேடம், பசங்களை அனுப்புறேன்." 11 நாளில் ஒருவரும் வரவில்லை. மெசேஜுக்கு நீல டிக் மட்டும் விழுந்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வாடைதான் முதலில் அடித்தது. ஹால் தொட்டிகளுக்கு மாமி ஒருநாள் விட்டு ஒருநாள் செம்பால் ஊற்றியிருந்தார். ஆனால் ஸ்நேக் பிளான்ட் ஓட்டையில்லாத பீங்கான் தொட்டிக்குள் பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தது. முதல் நாள் இறங்கிய தண்ணீர் உள்ளே விளிம்புவரை நின்றது வெளியே தெரியவில்லை. மேலே இலை பச்சையாகத்தான் இருந்தது. அடியைத் தொட்டேன், வெந்த கத்திரிக்காய் மாதிரி அமுங்கியது. லேசாக இழுத்ததும் மொத்தமும் கையோடு வந்துவிட்டது. வேர் இருந்த இடத்தில் பழுப்பாக, கொழகொழவென்று, சாக்கடை நாற்றத்தோடு ஏதோ இருந்தது. இசட் இசட் செடியின் கிழங்குகளும் அப்படியே. தண்ணீரைத் தனக்குள்ளேயே சேர்த்து வைக்கிற செடிகள் இவை. மூன்று வாரம் சொட்டுத் தண்ணீர் இல்லாமலும் தாக்குப்பிடித்திருக்கும். பீஸ் லில்லிக்கும் ஸ்நேக் பிளான்ட்டுக்கும் தினம் ஒரே அளவு தண்ணீர் வைக்கிறவருக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம்.

பால்கனியை மாமி தொடவே இல்லை. அங்கே ஆட்டோமேட்டிக் ஓடுகிறது என்று நான்தான் சொல்லியிருந்தேன். டைமர் ஒழுங்காகத் திறந்து மூடியிருக்கிறது. குழாய்க்குப் பக்கத்துத் தொட்டிகள் நான்கைந்து ஈரம். தள்ளிப் போகப்போக மண் காய்ந்து கிடந்தது. கடைசி டிரிப்பர் வெற்றிலைக் கொடிக்கு. கொடி சுவரோடு ஒட்டியபடியே காய்ந்திருந்தது. இலையைப் பிடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. வெற்றிலைக்கு நிழலும் ஈரமும் ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை.

ஜூனில் என் சித்தி மகன் வந்தான். களக்காட்டில் வாழை போட்டிருக்கிறான், வருஷக்கணக்காகச் சொட்டுநீரில்தான் விவசாயம். பால்கனியைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "யக்கா, ஃபில்டர் எங்க?" ஃபில்டருக்கு 650 ரூபாய் என்று வாட்ஸாப்பில் எழுதித் தந்திருந்தார்கள். குழாயில் ஃபில்டரே இல்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர் போர் தண்ணீர், கொஞ்சம் லாரித் தண்ணீர். பக்கெட்டிலேயே வெள்ளைப் படிவம் நிற்கும். அந்தத் தண்ணீருக்கு ஃபில்டர் இல்லாமல் டிரிப்பர் போடுவது தெரிந்தே செய்கிற தப்பு.

பிறகு ஒரு டிரிப்பரைப் பிடுங்கிக் கத்தி முனையால் நெம்பித் திறந்தான். உள்ளே சின்னதாக ஒரு ரப்பர் வில்லை, அதைச் சுற்றிச் சுண்ணாம்பு மாதிரி கெட்டியான வெள்ளைப் பொருக்கு, காய்ந்து போன பச்சைப் பாசி. 11 நாள் ஓடிய டிரிப்பரில் இது சேராது. "இது எவனோ தோட்டத்துல கழட்டிப் போட்டது யக்கா" என்றான். பதினான்கையும் திறந்தோம். ஒன்பது அப்படி. புது டிரிப்பர் கடையில் ஐந்தாறு ரூபாய்தான். அதில்கூடக் கைவைத்திருக்கிறார்கள். குழாயிலும் முத்திரை இல்லை. நல்ல லேட்டரல் குழாயில் (டிரிப்பர் செருகுகிற குழாய்) ஐ.எஸ். 12786 என்று இந்தியத் தர எண் அச்சடித்திருக்கும், டிரிப்பருக்கான தரம் ஐ.எஸ். 13487.

இப்போது மாடிக் கணக்குக்கு வருகிறேன். அந்த ரப்பர் வில்லை இருக்கிற டிரிப்பர், பிரஷர் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவு விடுவதற்காகச் செய்தது. பெரிய தோட்டத்துக்கு அருமையான பொருள். ஆனால் அது வேலை செய்யவே குறைந்தது அரை பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு), நன்றாக வேலை செய்ய ஒரு பார் வாக்கில் அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் கொடுப்பது ஒரு பார். கடைசி மாடியில் இருக்கிற எங்களுக்கு, மேலே டேங்கில் இருக்கிற தண்ணீர் எங்கள் குழாயைவிட நாலு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அதாவது 0.4 பார். முதல் மாடி வீட்டில் இதே செட் ஓடியிருக்கலாம். எங்கள் வீட்டில் புது டிரிப்பர் போட்டிருந்தாலும் சரியாக ஓடியிருக்காது. எந்த மாடி, டேங்க் எங்கே என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று டிரிப்பர்களைப் பிடுங்குவதற்கு முன்பே அவன் செய்து காட்டியதை நீங்களும் செய்யுங்கள், பணம் கொடுப்பதற்கு முன். ஒவ்வொரு டிரிப்பருக்குக் கீழும் ஒரு டம்ளர் வையுங்கள். மணிக்கு 2 லிட்டர் என்று சொன்னால் 6 நிமிஷத்தில் 200 மில்லி விழ வேண்டும். எங்கள் வீட்டில் முதல் டம்ளரில் 110 மில்லி, நடுவில் 40, கடைசி டம்ளரின் அடி நனைந்திருந்தது, அவ்வளவுதான். நிறுத்தியபின் பத்து நிமிஷம் அங்கேயே நில்லுங்கள். நிறுத்திய பிறகும் எங்காவது தண்ணீர் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். பொருத்திய அன்றே ஊருக்குக் கிளம்பாதீர்கள். நாலு நாள் நீங்கள் வீட்டில் இருக்கும்போது ஓடட்டும், அதுவரை பாதிப் பணம் உங்கள் கையில் இருக்கட்டும். உங்களுடையது மேல்மாடி என்றால் ரப்பர் வில்லை இல்லாத டிரிப்பரையும், பால் வால்வு (உள்ளே உருண்டை திரும்பித் திறக்கிற ball valve) வைத்த டைமரையும் கேளுங்கள். மற்ற டைமர்களில் பல, டேங்க் தண்ணீரின் குறைந்த அழுத்தத்துக்குச் சரியாகத் திறந்து மூடுவதில்லை.

நஷ்டக் கணக்கு: 9,800. ஊறி உப்பிப்போன டிவி ஸ்டாண்டு. கீழ் வீட்டு சீலிங்குக்குப் பெயின்ட் 4,500, அதை நான்தான் கொடுத்தேன், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. வெற்றிலைக் கொடிக்குக் கணக்கு இல்லை.

டம்ளர் படங்களையும் திறந்த டிரிப்பர்களையும் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "உங்க வீட்டுத் தண்ணி சரியில்லை மேடம்" என்று ஒரு வரி பதில், பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதற்கும் அவர் அசையாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். பில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். யு.பி.ஐ. ரசீதும், என்னென்ன போடுகிறோம் என்று அவர்களே எழுதிய வாட்ஸாப் மெசேஜும் என் மனுவோடு இருக்கின்றன. மனு நடப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

அந்த ஒன்பது டிரிப்பர்களும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. நம் அடுக்ககத்தில் யாராவது முன்பணம் கொடுத்திருந்தால் சி பிளாக் நாலாவது மாடிக்கு வாருங்கள், காட்டுகிறேன். உங்கள் வீட்டில் போட்டதையும் ஒன்று கொண்டுவாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திறந்து பார்ப்போம்.