லெஸ்பெடமினா, 5-மெத்தாக்சி-டிஎம்டியா: ஆய்வுக்கு எதை எடுப்பது?

இரண்டும் டிஎம்டி என்ற மனமயக்கப் பொருளின் உறவுச் சேர்மங்கள். இரண்டிலும் அணுக்கள் ஒன்றே: 13 கார்பன், 18 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 1 ஆக்சிஜன். மெத்தாக்சி (ஆக்சிஜனும் மெத்திலும் சேர்ந்த தொகுதி) உட்காரும் இடம்தான் வேறு. கீழே 5-மெத்தாக்சி என்றால் 5-மெத்தாக்சி-டிஎம்டி.

கிடைக்குமிடம்
லெஸ்பெடமின்: கிழக்காசியப் புதர்ச்செடி லெஸ்பெடிசா பைகலர்.
5-மெத்தாக்சி: அனடெனந்திரா என்ற தென்னமெரிக்க மரத்தின் விதைகள், சோனோரா பாலைவனத் தேரையின் சுரப்பு.

முன்னாய்வு
லெஸ்பெடமின்: 1965இல் பிரித்தெடுத்தார்கள், பிறகு சீண்டியவர் குறைவு.
5-மெத்தாக்சி: 1936இலேயே ஆய்வகத்தில் தயாரானது. மூளையின் செரட்டோனின் ஏற்பிகளில் ஒன்றான 5-எச்டி1ஏ வரை அலசியாயிற்று.

அனுமதி
5-மெத்தாக்சி அமெரிக்காவில் 2011 முதல் முதலாம் அட்டவணையில் (கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள் பட்டியல்) இருக்கிறது. கோப்பு நகரவே பொறுமை வேண்டும். லெஸ்பெடமினுக்கும் உங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

அடையாளம் காணல்
இங்கேதான் பலர் கோட்டைவிடக்கூடும். நிறைமாலையில் இரண்டின் மூலக்கூறு நிறையும் 218. என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்திசைவு) எடுத்தால் குட்டு வெளிப்படும்: 5-மெத்தாக்சியில் இண்டோல் (பென்சீனோடு ஒட்டிய நைட்ரஜன் வளையம்) நைட்ரஜன்மேல் ஹைட்ரஜன் உண்டு, பென்சீன் வளையத்தில் 3 ஹைட்ரஜன். லெஸ்பெடமினில் அந்த நைட்ரஜன்மேல் மெத்தாக்சி, பென்சீன் வளையத்தில் 4 ஹைட்ரஜன்.

ஏற்பிகள், மருந்தியல் என்று போகிறவர்கள் 5-மெத்தாக்சியையே எடுக்கலாம். ஒப்பிட நிறையத் தரவு இருக்கிறது. தாவர வேதியியல்காரர்களுக்கு என் ஓட்டு லெஸ்பெடமினுக்கு. செடி அந்த நைட்ரஜன்-ஆக்சிஜன் பிணைப்பை எப்படிப் போடுகிறது என்ற கேள்வி ஒன்றே ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாங்கும்.