கண்ணாடி இழைக்குக் காட்டிய அக்கறை வைஃபைக்கு இல்லை

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு எடுத்துச் சில மாதங்கள் ஆகின்றன. தெருவிலிருந்து வீடுவரை கேபிள் இழுத்த வேலைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். வீட்டுக்குள் வைஃபை அமைத்துத் தந்த விதத்துக்குப் பாதிகூடக் கொடுக்க மாட்டேன். இரண்டையும் நிறுவனத்திலிருந்து வந்த ஒரே தம்பிதான் செய்தார். ஆனால் முதல் வேலையைச் சரியாகச் செய்ய நிறுவனம் அவருக்குக் கருவியும் பயிற்சியும் கொடுத்திருக்கிறது. இரண்டாவதைச் செய்ய நேரம்கூடக் கொடுக்கவில்லை.

என் தேவை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காது கேளாத பிள்ளைகளின் பெற்றோருக்குக் காணொளி வழியாகச் சைகை மொழி கற்றுத்தருகிறேன். மற்ற வகுப்புகளில் படம் ஒரு நொடி உறைந்தாலும் குரல் வந்துகொண்டிருக்கும், சமாளித்துவிடலாம். இங்கே கை அசைவுதான் சொல். புருவத்தை உயர்த்தினால்தான் அது கேள்வி. நடுவில் அரை நொடி விட்டுப்போனால் பார்ப்பவருக்கு வேறு வாக்கியம் போய்ச் சேரும். அதனால் எனக்கு முக்கியம் பதிவேற்ற வேகமும், அது ஏறி இறங்காமல் நிற்பதும்தான். முன்பு இருந்தது செம்புக் கம்பி வழியே வந்த ஏடிஎஸ்எல் 2 பிளஸ். அதில் பதிவிறக்கம் உச்சமாக 24 எம்பிபிஎஸ் என்றால் பதிவேற்றம் ஒன்றரைகூடத் தாண்டாது. ஃபைபருக்கு மாறியதே இதற்காகத்தான்.

இணைப்புக் கொடுக்க வந்த தம்பியின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். கம்பத்துப் பெட்டியிலிருந்து கேபிளைக் கொண்டுவந்து, இழையின் நுனியைச் சுத்தம் செய்து, ஸ்ப்ளைசிங் இயந்திரத்தில் வைத்து உருக்கி ஒட்டினார். ஒளி ஓடும் நடுப்பகுதியின் விட்டம் 9 மைக்ரான்தான். ஒரு தூசி போதும், பாதி ஒளி போய்விடும். பச்சை நிற முனையைச் சொருகிப் பவர் மீட்டரில் பார்த்தபோது மைனஸ் 24 டிபிஎம் காட்டியது. வந்துசேரும் ஒளியின் அளவு இது, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. இழையில் வரும் ஒளியை இணைய சிக்னலாக மாற்ற வீட்டில் வைக்கும் ஓஎன்டி பெட்டி பொதுவாக மைனஸ் 27 வரை தாங்கும். அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தாலும் இணையம் வந்திருக்கும், எனக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவர் விடவில்லை. "இது இப்ப ஓடும்க்கா, ஆனா இன்னும் கொஞ்சம் குறைஞ்சா அடிக்கடி கட் ஆகும்" என்று சொல்லிவிட்டு கேபிள் வந்த வழியெல்லாம் திரும்பப் பார்த்தார். சுவர் மூலையில் ஒரு கிளிப் கேபிளை இறுக்கி மடக்கியிருந்தது. அதைத் தளர்த்தி, நுனியை வெட்டி மறுபடி ஒட்டினார். மைனஸ் 19. வெறும் ஐந்து டெசிபெல் என்று தோன்றும். மூன்று டெசிபெல்லுக்கு ஒளி இரண்டு மடங்கு என்ற கணக்கில், ஐந்துக்கு மூன்று மடங்குக்கும் மேல். இணைப்பு எடுப்பவர்கள் இந்த எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பழுது வந்தால், குறை லைனிலா வீட்டு வைஃபையிலா என்று கண்டுபிடிக்க இந்த எண் உதவும்.

அப்புறம்தான் பிரச்சினை. கேபிள் வாசல் பக்கமாக உள்ளே வந்தது. பெட்டியையும் அங்கேயே, மின் பலகைக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் மாட்டிவிட்டார். ரூட்டரும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. வகுப்பு எடுக்கும் அறை வீட்டின் மறுகோடி. நடுவே இரண்டு கான்கிரீட் சுவர், ஒரு இரும்பு அலமாரி. இதைப் பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தேன். "கம்பெனி கொடுக்குற உள் கேபிள் நீளம் இவ்வளவுதான்க்கா" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த நீளத்தை முடிவு செய்தவர்கள்மேல் உண்டு.

200 எம்பிபிஎஸ் திட்டம். பெட்டியில் நேராக கேபிள் சொருகிப் பார்த்தால் இரு பக்கமும் 190-க்கு மேல் நிற்கும். இரவில் எல்லா வீடுகளும் பயன்படுத்தும் நேரத்திலும் பார்த்தேன், குறையவில்லை. ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஜிபான் முறையில் 2.5 ஜிபிபிஎஸ் பதிவிறக்கமும் 1.25 ஜிபிபிஎஸ் பதிவேற்றமும் கொண்ட ஒரே இழையை 32 வீடோ 64 வீடோ பகிர்ந்துகொள்ளும். ஆகவே நெரிசலோ என்ற சந்தேகம் இருந்தது. இல்லை, லைன் சுத்தம். வகுப்பறையிலோ 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னல் மைனஸ் 78 டிபிஎம், அதாவது மிகப் பலவீனம். வேகம் முப்பது, உடனே எட்டு, மறுபடி இருபது. 2.4-க்கு மாற்றினால் சிக்னல் சுவரைத் தாண்டி வருகிறது, ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். சுற்றியுள்ள வீடுகள் அனைத்தும் அந்த மூன்றில்தான் இருக்கின்றன.

வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால் ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். பிறகு, "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்றார்கள். அது உண்மைதான், அவர்கள் பக்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் வாங்கியது வாசற்கதவில் இணையம் இல்லையே. அடுத்து எக்ஸ்டெண்டர் விற்கப் பார்த்தார்கள். வேண்டாம் என்றேன். ஒரே ரேடியோவில் கேட்டதையே திருப்பிச் சொல்லும் கருவி அது. ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை போக வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும், தாமதமும் கூடும். வீடியோ பார்ப்பவருக்கு அது போதலாம், எனக்குப் போதாது.

நான் கேட்டது ஒன்றுதான்: பெட்டியை வீட்டின் நடுவுக்கு மாற்றுங்கள், அங்கிருந்து வகுப்பறைக்கு ஒரு கேட் 6 கேபிள் (கணினி வலைக்கான செம்புக் கேபிள்) போடுங்கள். பல முறை பேசிய பிறகு தனிக் கட்டணத்துடன் ஒப்புக்கொண்டார்கள். வந்தவர் மெல்லிய வெள்ளை உள் கேபிளைக் கதவு நிலையை ஒட்டி அழகாகக் கொண்டுபோனார். 7.5 மில்லிமீட்டர் ஆரம்வரை வளைத்தாலும் பெரிதாக இழப்பு வராத ஜி.657 ஏ2 ரக இழை அது. பெட்டி இப்போது கூடத்தில், தலைக்கு மேல் உயரத்தில், திறந்த அலமாரித் தட்டில். வகுப்பறைக் கேபிளில் முதலில் வேகம் 94-லேயே நின்றது. இந்த எண்ணைப் பார்த்தால் திட்டத்தைச் சந்தேகப்படாதீர்கள், முனையைச் சந்தேகப்படுங்கள். கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று சரியாகப் பொருந்தாவிட்டாலும் கிகாபிட் இணைப்பு 100-க்கு இறங்கிவிடக்கூடும். முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்ததும் 190 வந்தது.

பெட்டியின் மென்பொருளிலும் ஒரு குறை உண்டு. வீட்டில் யாராவது செல்பேசிப் படங்களை மேகத்துக்கு ஏற்றினால், சாதாரணமாக 6 மில்லிசெகண்ட் இருக்கும் தாமதம் 300-ஐத் தொடுகிறது. ஒருவரின் பதிவேற்றம் மற்றவர்களின் தகவலை வரிசையில் காக்க வைக்காதபடி பகிர்ந்து அனுப்பும் எஃப்க்யூ கோடெல் முறை 2018-லேயே ஆர்எஃப்சி எனும் பொது இணைய ஆவணமாக வந்துவிட்டது. இந்தப் பெட்டியில் அது இல்லை. இப்போதைக்குப் படங்களை நள்ளிரவில் ஏறும்படி வைத்திருக்கிறேன். 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் கொடுத்ததில், செல்பேசிகள் தவறான அலைவரிசையைப் பிடித்துத் தொங்குவதும் நின்றது.

மாற்றிய பிறகு வகுப்பில் ஒரு சைகைகூட விட்டுப்போகவில்லை. இணைப்பைத் தொடர்கிறேன், லைன் அவ்வளவு நன்றாக இருக்கிறது. எந்த அறையில் இணையம் வேண்டும் என்ற கேள்வியைப் பதிவுப் படிவத்தில் சேர்க்கச் சொல்லியும், உள் கேபிளுக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரக் கேட்டும் நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் இன்னும் பதில் வரவில்லை.